நஸ்ரினின் முட்டுக்கு அடியில் மூன்று விரல்

செவிலியர் வேலையில் ஊசி போட ஒரு நிமிடம் போதும். வலிக்கு என்ன பெயர் என்று கண்டுபிடிக்கத்தான் மீதி நாள் முழுக்கத் தேவைப்படுகிறது.

முதலில் ஒரு விடுகதை. விடியும்போது துருப்பிடித்த கீல். பத்து மணிக்குக் கொஞ்சம் இளகிய கீல். சாயங்காலம் எண்ணெய் போட்ட கீல். மறுநாள் விடிந்தால் மறுபடியும் துரு. அது கதவிலும் இல்லை, ஜன்னலிலும் இல்லை. அது என்ன?

யோசித்துக்கொண்டே வாருங்கள். ஒரு கை புத்தகத்திலும் மறு கை முழங்காலிலுமாக இதை வாசிப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நானும் தடவிக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் முழங்காலை முட்டு என்போம். என் முட்டு இரண்டும் தேய்ந்தவை. சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே வீடு வீடாகப் படியேறி இறங்கித் தேய்ந்தவை. ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி. ஆனால் விடுகதையின் விடை என் முட்டில் இல்லை, ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தியின் முட்டில் இருந்தது.

மத்தியானம் பாண்டி ஆடுகிறவள்

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எடை பார்த்து, கண் பார்த்து முடித்தபோது நாலாம் வகுப்பு டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். நஸ்ரின் என்று ஒரு பிள்ளை. ஒரு மாதமாகக் காலையில் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வருகிறாள். பிரேயரில் நிற்கமாட்டேன் என்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் மைதானத்தில் கட்டம் போட்டுத் தாவித் தாவிப் பாண்டி ஆடுகிறாள். "நடிக்கா சிஸ்டர். நடிப்புக்குப் பரிசு இருந்தா இவளுக்குக் குடுத்திரலாம்" என்றார் டீச்சர்.

மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தாள். தாவுவது எல்லாம் வலது காலில். ஜோடிக் கட்டம் வந்தால் மற்றப் பிள்ளைகள் இரண்டு காலையும் பொத்தென்று ஊன்றினார்கள். இவள் இடது காலின் நுனிவிரலால் தரையைத் தொட்டுவிட்டு உடனே எடுத்தாள். கூப்பிட்டு உட்காரவைத்து, புறங்கையை வலது முட்டில் வைத்தேன், பிறகு இடது முட்டில் வைத்தேன். இடது, வெயிலில் வைத்த பாத்திரம் மாதிரி சூடாக இருந்தது. முட்டுச் சில்லின் இரு பக்கமும் இருக்கவேண்டிய பள்ளம் இல்லை, நிரம்பிக் கிடந்தது.

இந்த இடத்தில் வலியின் இரண்டு வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். என்னுடையது தேய்ந்த முட்டு. காலையில் ஐந்து பத்து நிமிடம் முரண்டு பிடிக்கும், பிறகு வேலை செய்யச் செய்ய வலிக்கும், உட்கார்ந்தால் அடங்கும். நஸ்ரினுடையது உள்ளே வீங்கிக் கனல்கிற முட்டு. அசையாமல் இருந்தால் இறுகும், அசைத்தால் இளகும். இரவு முழுக்க அசையாமல் கிடப்பதால் காலையில்தான் ரொம்ப மோசம். விடுகதையின் விடை கிடைத்துவிட்டதா? "காலையில மட்டும் ஏன் பிள்ள நொண்டுத?" என்று அவளிடமே கேட்டேன். டீச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் அஞ்சு மணிக்கே எந்திச்சிருவேன் சிஸ்டர். என் முட்டுதான் லேட்டா எந்திக்கும்."

ஆறுக்கு மேல் போடாத வாத்தியார்

பாளையங்கோட்டையில் பெரிய டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார், கண்ணையும் பரிசோதிக்கச் சொன்னார். குழந்தைகளுக்கு வருகிற மூட்டுவாதம் என்றார். உடம்பைக் காவல் காக்க வேண்டிய படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டையே தாக்குகிற நோய். வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறிப்பது என் வேலை. நஸ்ரின் எப்போது கேட்டாலும் "ரெண்டு" என்றாள். முட்டு கொதிக்கிற அன்றும் ரெண்டு. எனக்கு அது இடித்தது.

விஷயம் புரிந்தது அடுத்த தெருவில். அங்கே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். நாட்பட்ட சர்க்கரை. பாதம் இரண்டும் தீயாய் எரிகிறது, போர்வை பட்டால்கூடப் பொறுக்க முடியவில்லை என்பார். அதே பாதத்தில் முள் குத்தினால் தெரியாது. இது மூன்றாவது வகை, நரம்பு வலி. உட்கார்ந்தாலும் படுத்தாலும் அது அடங்காது. மூட்டுக்குச் சொல்லும் வைத்தியம் எதற்கும் கட்டுப்படாது. முட்டுவலிக்குச் சொல்கிற வெந்நீர் எரிச்சலுக்கும் இதமாக இருக்கும் என்று நினைத்து, அவர் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார். சூடு பாதத்துக்குத் தெரியவில்லை. நான் போனபோது குதிகாலில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம். கால் மரத்தவர்கள் வெந்நீரின் பதத்தை முழங்கையால் பார்க்க வேண்டும், பாதத்தால் பார்க்கக் கூடாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கட்டுப் போட்டுக்கொண்டே, "ராத்திரி எரிச்சல் எத்தனை சார்?" என்றேன். "ஆறு" என்றார். "தூக்கமே இல்லைன்னு சொன்னீங்களே, அதுக்கும் ஆறுதானா?" என்றேன். மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்: "முப்பத்தஞ்சு வருஷத்துல எவனுக்கும் நான் நூத்துக்கு நூறு போட்டதில்லேம்மா. இந்தக் காலுக்கா போடப்போறேன்?"

ரெண்டு

அங்கிருந்து நேரே நஸ்ரின் வீட்டுக்குப் போனேன். எண்ணைப் போடுகிறவர் யார், எதற்காகப் போடுகிறார் என்று தெரியாமல் எண்ணை மட்டும் எழுதி என்ன பயன்? நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, "இன்னைக்குக் காலையில சட்டைப் பித்தானை யார் போட்டுவிட்டா?" என்று கேட்டேன். உம்மா என்றாள். "தலை சீவினது?" உம்மா. "செருப்பு மாட்டினது?" அதுவும் உம்மா. வலது மணிக்கட்டும் பிடிக்க ஆரம்பித்திருந்தது. "இதெல்லாம் ரெண்டா பிள்ள?" என்றேன். அவள் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்து, உம்மா வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்: "அஞ்சுக்கு மேல சொன்னா பள்ளிக்கூடம் போக வேண்டாம்னு படுக்க வச்சிருவாங்க சிஸ்டர். அதான் ரெண்டுலயே நிக்கேன்."

பஞ்சுத் தலையணை

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் உம்மா ஜுலைஹா அன்பில் குறை வைக்கிற ஆள் இல்லை. மகளைக் கட்டிலில் படுக்கவைத்து, இடது முட்டுக்கு அடியில் பஞ்சுத் தலையணை ஒன்றைக் கொடுத்து, அசையாதே என்று சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பாள். முட்டு மடங்கியபடி இருந்தால் வீக்கத்துக்கு இதமாக இருக்கும், பிள்ளை அழாது. ஆனால் மடங்கியே கிடக்கிற முட்டு, மடங்கியே நின்றுவிடும்.

பாளையங்கோட்டை டாக்டர் அவளைச் சமமான பலகையில் காலை நீட்டிப் படுக்கச் சொல்லிப் பார்த்திருந்தார். வலது முட்டின் அடியில் விரல் நுழையவில்லை. இடது முட்டின் அடியில் மூன்று விரல் நுழைந்தது. மூன்று மாதத்தில் மருந்தாலும் பயிற்சியாலும் அந்த இடைவெளி மூடவேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் கொடுத்து மூட்டுக்குள் ஊசி போட்டு, மாவுக்கட்டுப் போட்டு நிமிர்த்த வேண்டியிருக்கும் என்றார். ஜுலைஹாவின் காதில் மயக்கம் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்து இன்னும் உயரமான தலையணை தைத்துவிட்டாள்.

நான் தலையணையை உருவினேன். நஸ்ரின் அழுதாள். ஜுலைஹா எனக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றாள். "நீங்க எடுத்துட்டுப் போயிருவீங்க சிஸ்டர். ராத்திரி முழுக்க அழுவா. நீங்களா வந்து பாப்பீங்க?" நியாயமான கேள்வி. அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் தலையணையை முட்டிலிருந்து எடுத்துக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். இப்போது முட்டு அந்தரத்தில்; தன் கனத்திலேயே பைய இறங்கி நிமிரும். முதல் நாள் ஐந்து நிமிடம், டிவியில் ஒரு பாட்டு முடியும்வரை. ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டுக் கூட. ராத்திரிக்கு, காலை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள டாக்டர் கொடுத்த பட்டை. காலையில் எழுந்ததும் வெந்நீர்க் குளியல், பிறகு சுருட்டிய துண்டை முட்டால் பத்துத் தடவை அமுக்குவது. பள்ளிக்கூடம் உண்டு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜுலைஹா சொன்னாள்: "தலையணையை நீங்க எடுக்கல, எடத்தைத்தான் மாத்தியிருக்கீங்க. அதனால விடுதேன்."

பாயைச் சுருட்டுங்கள்

ஒரு வீடு பத்திரமானதா என்று பகல் பதினொரு மணிக்கு, நல்ல காலோடு நடந்து பார்த்தால் தெரியாது. நான் காலை ஆறு மணிக்குப் போனேன். என் இடது முட்டு மடங்காதபடி துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, நஸ்ரினின் கட்டிலிலிருந்து குளியலறைவரை அவளைப் போலவே நடந்தேன். ஜுலைஹாவும், உதவிக்கு வந்திருந்த அவள் அண்ணன் காதரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதர் பத்தமடையில் கோரைப் பாய் விற்கிறவர், நஸ்ரினுக்கு மாமா.

எட்டு அடி நடப்பதற்குள் நாலு கண்ணிகள். கட்டில் தாழ்வு, எழவே முடியவில்லை. குளியலறைக்கு முன்னால் ஒரு பொய்ப்படி, இருப்பதே கண்ணுக்குத் தெரியாத சின்ன உயரம்; நொண்டுகிற கால் அதில் தட்டும். குழாயின் திருகு உருண்டை. பிடித்த மணிக்கட்டால் திருக முடியாது. உம்மா அன்போடு காலில் தேய்த்துவிட்ட எண்ணெய், குளியலறையின் வெள்ளைத் தரையில் வழிந்து கண்ணுக்கே தெரியாமல் கிடந்தது. "இதையெல்லாம் விட ஆபத்து எது தெரியுமா?" என்று திரும்பி, கூடத்தில் கட்டிலை ஒட்டி விரித்திருந்த மெல்லிய கோரைப் பாயில் கால் வைத்தேன். பளபளக்கிற டைல்ஸ் மேல் பாய் வழுக்கிக்கொண்டு போயிற்று. நானும் அதோடு போனேன். நல்லவேளை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். நஸ்ரின் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் காதர் கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்தார், குளியலறைச் சுவரில் இரும்புக் குழாய் பதித்தார், திருகை எடுத்துவிட்டு நீளக் கைப்பிடி வைத்தார், எண்ணெய் தேய்ப்பதைக் கட்டிலோடு நிறுத்தி, பாதத்தைத் துடைத்த பிறகே இறக்க வேண்டும் என்று தங்கைக்கு உத்தரவும் போட்டார். பொய்ப்படியில் மஞ்சள் பெயின்ட் அடித்தார். பாய்களை மட்டும் தொடவில்லை. நான் விடவில்லை, வாசலிலேயே நின்றேன். கடைசியில் ஒவ்வொன்றாகச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தினார். நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பத்தமடையில வந்து நின்னு பாயைச் சுருட்டுன்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்."

வெள்ளிக்கிழமை மாத்திரை

வலி மாத்திரை உடனே வேலை செய்யும். வாதத்தை அடக்குகிற மாத்திரை பல வாரம் எடுத்துக்கொள்ளும். முன்னது புகையை விசிறுவது, பின்னது தீயை அணைப்பது. அந்த இரண்டாவது மாத்திரை வாரத்துக்கு ஒன்று, ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை என்று அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் மாத்திரை போட்ட மறுநாள், சனிக்கிழமை, வேறு வேலையாக அந்தத் தெருப்பக்கம் போனவள் எட்டிப் பார்த்தால், ஜுலைஹா ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் இன்னொரு மாத்திரையுமாக நிற்கிறாள். துபாயிலிருந்து நஸ்ரினின் வாப்பா ஷாகுல் ஃபோனில் கணக்குச் சொல்லியிருக்கிறார்: வாரத்துக்கு ஒன்று என்றால் மூன்று மாதம் ஆகும், தினம் ஒன்று கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும், பிள்ளைக்கு மயக்க ஊசி வேண்டியிருக்காது.

மாத்திரையை வாங்கிப் பையில் போட்டேன். என் முகத்தைப் பார்த்து ஜுலைஹா ஃபோனை நீட்டினாள். "தம்பி, இது தினம் போட்டா ரத்தத்தைக் கெடுத்திரும், ஈரலைக் கெடுத்திரும். உயிருக்கே ஆபத்து. அவசரப்பட்டா முட்டு நிமிராது, பிள்ளை படுத்திரும்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். தினமும் தன் கையால் ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது, அங்கிருந்துகொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றார். சரி, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன் என்றேன்: வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வீடியோவில் கூப்பிடுங்கள், நீங்கள் பார்க்கப் பார்க்க அவள் மாத்திரையை விழுங்குவாள், உங்கள் கண்ணில் படாத மாத்திரை அவள் வாயில் போகக் கூடாது. பன்னிரண்டு வெள்ளிக்கிழமையில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. ஒரு தடவை நானும் உடன் இருந்தேன். திரையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாரத்துக்கு ஒரு நாள்தான் சிஸ்டர் எனக்கு லீவு. அதுல உறங்கிருவேன்னு நெனச்சீங்களா?"

சஹன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். மூன்றாம் மாதம் டாக்டர் நஸ்ரினைப் பலகையில் படுக்கவைத்துப் பார்த்தபோது இடது முட்டின் அடியில் அவர் விரல் நுழையவில்லை. மயக்கம் வேண்டாம், மாவுக்கட்டு வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் மட்டும் தொடரட்டும் என்றார். ஆனால் அதற்கு நாலு நாள் முன்னால் காதரின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கு இந்த முடிவு எங்கள் யாருக்கும் தெரியாது.

கல்யாணச் சாப்பாடு சஹனில். அகலமான ஒரு தட்டு. அதில் நெய்ச்சோறும் கறியும். நாலு பேர் அதைச் சுற்றித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். நஸ்ரினும் காதரின் இளைய பெண்கள் மூன்று பேரும் விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரே சஹன். ஆனால் ஒரு மணி நேரச் சம்மணம், இன்னும் முழுசாக அடங்காத முட்டில் மறுபடி வீக்கத்தைக் கொண்டுவந்துவிடும். நாலு நாளில் டாக்டர் பார்க்கப்போகிறார். ஜுலைஹா சம்மணமே கூடாது என்றாள். நானும் அவள் கட்சி. வீட்டிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை, நஸ்ரினின் பாதம் தரையில் படும் உயரமா என்று அளந்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். சஹனையே ஒரு மேசைமேல் வைத்து நாலு பிள்ளைகளுக்கும் நாற்காலி போட்டால் என்ன என்று காதரிடம் கேட்டேன். "மேசையில வச்சா அது ஓட்டல் சிஸ்டர்" என்றார். அந்த மூன்று பெண்களில் நடுவில் உள்ளவள் இன்னும் கவலையாக இருந்தாள். "நஸ்ரின் வரலைன்னா நாலாவதா ஒரு பெரிய ஆளை உக்கார வச்சிருவாங்க. பெறவு எங்களுக்கு எங்கன கறி கிடைக்கும்?"

ஜுலைஹா நாற்காலியைச் சுவரோரம் போட்டு, தனித் தட்டு ஒன்றில் சோறு வைத்து, இரண்டு துண்டு கறி கூடவும் வைத்தாள். "இங்கன உக்காந்தா இது. அங்கன சம்மணம் போட்டா நாளைக்கு நொண்டுவ. நீயே பாத்துக்கோ" என்றாள். நஸ்ரின் நாற்காலியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், சஹனைச் சுற்றிக் காத்திருந்த மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு சுவரை ஒரு கையால் பிடித்து, நல்ல காலில் கனத்தை வைத்து, இடது காலை முன்னால் சறுக்கிவிட்டு, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே பைய இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். சம்மணம் போடவில்லை. இடது காலைச் சஹனின் ஓரமாக நேரே நீட்டிக்கொண்டாள். முட்டு தரையோடு தரையாகப் படிந்திருந்தது.

விருந்துக்கு வந்திருந்த ஒரு பெரியவளுக்கு இது பொறுக்கவில்லை. சோற்றுப் பக்கம் காலை நீட்டலாமா, இந்தப் பிள்ளைக்கு இதுகூடச் சொல்லித் தரவில்லையா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் ஜுலைஹா தனித் தட்டிலிருந்த இரண்டு துண்டுக் கறியையும் எடுத்துவந்து சஹனில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்: "மூணு மாசமா பாடுபட்டு நீட்டியிருக்கோம் மாமி. நீட்டட்டும்."

எல்லாருக்கும் நாற்காலியைச் சிபாரிசு செய்கிற என் தொழிலில், உயரம் அளந்து ஆட்டோவில் ஏற்றிவந்த நாற்காலியில் அன்று உட்கார்ந்து சாப்பிட்டது நான்தான். நஸ்ரின் தரையில் காலை நீட்டிச் சாப்பிட்டாள்.